லோஜன் வண்டி வைத்த கதை

எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் தொப்பை. மாடு இழுப்பது வண்டில், பெற்றோலில் ஓடுவது வாகனம். ஒருவனுக்கு இடுப்புக்கு மேலே முன்பக்கம் தள்ளத் தொடங்கினால், அவன் வண்டி வைத்துவிட்டான் என்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வந்து என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது. இந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

லோஜன் என் மனைவி வித்தியாவின் தம்பி. உடுவிலில் வீடு. எனக்குத் தொழில் ஓட்டோ, மருதனார்மடம் சந்தியில் நிற்பேன். அவனுக்குத் தொழில் சமையல். கலியாணம், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம், எதுவானாலும் பெரிய சமையல் கிடாரங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பொல்லாத கை. அவன் வைக்கிற கத்தரிக்காய்ப் பால்கறிக்காகவே அந்தியேட்டிக்கு வருகிற ஆட்கள் உண்டு. செத்தவரின் பெயர் தெரியாமல் இரண்டாம் தரம் சோறு கேட்டவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆனால் தொழில் தொடங்கிய காலத்தில் பெடியன் ஈர்க்குப் போல இருந்தான். போகிற வீட்டிலெல்லாம், "பெரியவர் எங்கை தம்பி? நீர் வெங்காயம் உரிக்க வந்தனீரோ?" என்று கேட்பார்கள். ஒல்லியான சமையல்காரனை எங்கள் சனம் நம்பாது. தன் சமையலைத் தானே தின்னாதவன் மற்றவனுக்கு என்னத்தைப் போடுவான் என்று நினைப்பார்கள். இவன், தான்தான் அந்தப் பெரியவர் என்று சொல்ல, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இருபத்தாறு வயதில் அவன் வண்டி வைத்தான். தொழிலும் பிடித்துக்கொண்டது. வெறும் மேலுடன், சாரத்தை மடித்துக் கட்டி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அடுப்படியில் நிற்கும்போது, பார்க்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். "சமையல்காரன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்" என்று ஒரு கலியாண வீட்டுக்காரர் அந்த வயிற்றைத் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்தேன். லோஜனுக்கும் பெருமைதான். தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்துக் குடிப்பான். சும்மா நிற்கும்போது இரண்டு கையையும் அதன்மேல் கோத்து வைத்துக்கொள்வான்.

ஒரு விசயம் மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. அவன் சாப்பிடுவது கிடையாது. இரண்டு பிடி சோறு, அதோடு கையைக் கழுவிவிடுவான். "வயிறு நிறைஞ்சிட்டுது" என்பான். உப்புப் பார்க்கிறேன், புளி பார்க்கிறேன் என்று அடுப்படியிலேயே ஒரு வெட்டு வெட்டிவிடுகிறான் என்று நாங்கள் நினைத்தோம். பந்தலுக்குள் பாயில் மல்லாந்து படுத்திருந்தால் வயிறு அப்படியே கவிழ்த்த கிடாரமாக நிமிர்ந்து நிற்கும். என்னுடைய வண்டி நான் படுத்தால் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். அவனுடையது ஏன் வழியவில்லை என்று யாராவது கேட்டோமா? இல்லை. வண்டி என்று ஒரு சொல் எங்களிடம் கைவசம் இருந்தது. சொல் இருந்ததால் ஒருவரும் வயிற்றைப் பார்க்கவில்லை.

அவனுக்கு இருபத்தெட்டு ஆனபோது அவன் தாய், என் மாமி மீனாம்பிகை கலியாணம் பேசத் தொடங்கினா. தரகர் தம்பிராசா அண்ணை கோப்பாயில் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் கோபிகா. சண்டைக் காலத்தில் தாய் தகப்பன் வள்ளமேறி இந்தியாவுக்குப் போக, திருச்சிப் பக்கம் ஒரு அகதி முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் அங்கேயே செத்துப்போனார். தாய் குணலட்சுமி நாலைந்து வருசத்துக்கு முன்னர்தான் மகளைக் கூட்டிக்கொண்டு சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தா. பிள்ளை ஒரு முன்பள்ளியில் ரீச்சர். அவள் பேசுகிற இந்தியத் தமிழைக் கேட்டு, படிக்கிற குஞ்சுகுருமன்கள் எல்லாம் "வாங்க, போங்க" என்று கதைக்கத் தொடங்கிவிட்டன என்று ஊரில் ஒரே பகிடி.

தம்பிராசா அண்ணை படம் அனுப்பினார். லோஜனின் படத்தைக் கழுத்தோடு வெட்டித்தான் அனுப்பினார். ஆனாலும் மனுசனுக்குத் தொழில் தர்மம் இருக்கிறதல்லவா, ரெலிபோனில் ஒரு சொல் சொல்லி வைத்தார்.

"பெடியன் வண்டி வைச்சிருக்கிறான் பிள்ளை. மற்றும்படி ஒரு குறையும் இல்லை."

குணலட்சுமி அக்கா, "வண்டி கிடந்தா என்ன அண்ணை, உழைக்கிற பெடியன்தானே" என்றா. பக்கத்தில் நின்ற கோபிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் வளர்ந்த இடத்தில் வண்டி என்றால் மோட்டார் சைக்கிள். மாப்பிள்ளை வண்டி வைத்திருப்பதை ஏன் ஒரு குறையாகச் சொல்கிறார்கள்? யாழ்ப்பாணத்துச் சனம் சிக்கனமானது, பெற்றோல் செலவை நினைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாளாம். முன்பள்ளியில் மற்ற ரீச்சர்மாரிடம், "அவரு வண்டி வச்சிருக்காரு" என்று சொல்லியும் விட்டாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை வெட்கத்தின் சிரிப்பென்று எடுத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க என்னுடைய ஓட்டோவில்தான் போனோம். கோபிகா தேத்தண்ணி கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"உங்க வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க?"

விறாந்தையில் இருந்த அத்தனை பேரின் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. லோஜன் அப்போதுதான் கோப்பையை வழக்கமான இடத்தில் வைத்திருந்தான். மெல்ல எடுத்தான்.

"இதிலைதான் நிக்குது" என்றான்.

தம்பிராசா அண்ணைக்குப் புரைக்கேறிவிட்டது. குணலட்சுமி அக்கா மகளின் காதில் விசயத்தைச் சொல்ல, பிள்ளை முதலில் திகைத்தாள், பிறகு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லோஜனும் சேர்ந்து சிரித்தான். "என்னட்டை சைக்கிள்தான் இருக்கு" என்றான் அவன். அந்தச் சிரிப்போடு கலியாணம் சரி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆவணியில் நாள் வைத்தார்கள்.

அடுத்த கிழமை இரண்டு பேரும் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலடியில் சந்தித்தார்கள். மாமியின் உத்தரவுப்படி நானும் நந்தியாகப் பக்கத்தில் நின்றேன். கோபிகா அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"கோச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். உங்க கை ஒல்லியா இருக்கு. கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு. வயிறு மட்டும் யாருகிட்டயோ இரவல் வாங்குன மாதிரி இருக்கே?"

"அது வண்டி" என்றான் லோஜன்.

"வண்டின்னா மேல கீழ எல்லாம்தானே சதை போடும்? நீங்க சாப்பிடறதும் இல்லன்னு உங்க அக்கா சொன்னாங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

"இது கரைஞ்சால் என்ரை தொழில் போயிடும்."

"ஒல்லியா இருந்தா பருப்பு வேகாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவனுடைய கையைப் பார்த்தேன், கன்னத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு வருசமாக அவனோடு ஒரு பந்தியில் இருந்து சாப்பிடுகிறேன். நேற்று வந்த பிள்ளை கண்டதை நான் காணவில்லை.

மாமி தன் வைத்தியத்தை முதலில் பார்த்தா. ஓமத்தண்ணி கொடுத்தா, பேதிக்குக் கொடுத்தா, ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்தா. போட்டிக்குச் சமைக்கிறவன் எவனோ செய்வினை செய்துவிட்டான் என்றும் ஒரு கட்சி கிளம்பியது. கடைசியில் நான் சத்தம் போட்டு, ஆளை ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் ஸ்கான் எடுக்கச் சொன்னார். எடுத்த இடத்தில் ஒருவர், கூட வந்த மாமியிடம், "வயித்துக்குள்ளை நிறையத் தண்ணி நிக்குது அம்மா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றார். அவர் படத்தில் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊர் அதை வாங்கிய விதம் வேறு.

மாமி பக்கத்து வீட்டில் சொன்னா. பக்கத்து வீடு தம்பிராசா அண்ணைக்குச் சொன்னது. அவர் கோப்பாய்க்கு ரெலிபோன் எடுத்தார். "பெடியனுக்குத் தண்ணியாம்" என்று சொல்லிவிட்டு வைத்தும் விட்டார். வண்டியைப் பற்றி முன்கூட்டியே சொல்லி நல்ல பெயர் எடுத்தவருக்கு, தண்ணியையும் மறைக்கக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. அவரை அன்றைக்குச் சந்தியில் கண்டிருந்தால் ஓட்டோவை மேலே ஏற்றியிருப்பேன்.

லோஜன் கள்ளைக்கூட மணந்து பார்க்காதவன். எந்தக் கலியாண வீட்டிலும் கடைசிவரை நிதானத்தில் நிற்கிற ஒரே ஆம்பிளை அவன்தான். இதை யாருக்குச் சொல்வது? பெரியாஸ்பத்திரி வாட்டில் சேர்த்த நாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதே கேள்வி. "குடிக்கிறனீங்களோ? எத்தினை வருசமா? பொய் சொல்லக்கூடாது." பக்கத்துக் கட்டில் ஐயா, "எனக்கும் இதுதான் தம்பி, விட்டுத் துலையும்" என்று அவனுக்குப் புத்தி சொன்னார். நான் ஒரு தாதியிடம், "இவன் சோடா குடிச்சாலே விக்கிறவன்" என்று பாய்ந்தேன். அவ என்னை வெளியில் போய் நிற்கச் சொன்னா.

கோப்பாயிலிருந்து செய்தி வந்தது. கலியாணம் வேண்டாமாம்.

லோஜன் அதைக் கேட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்தா. குடிக்கிறாயா என்று கேட்காத முதல் ஆள் அவதான். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு விரலை வைத்து மற்ற விரலால் தட்டினா. நாங்கள் சந்தையில் பழுத்துவிட்டதா என்று வத்தகப்பழம் தட்டிப் பார்ப்பது போலத்தான். நடுவில் தட்டினால் மத்தென்று சத்தம். இரண்டு விலாப்பக்கமும் தட்டினால் வெறும் பானைச் சத்தம். அவனைச் சரிந்து படுக்கச் சொல்லி மறுபடியும் தட்டினா. சத்தம் இடம் மாறவில்லை. அவ முகம் மாறியது.

"அண்ணை, சும்மா தண்ணி நிண்டால் அது ஓடித் திரியும். மல்லாந்து படுத்தால் இரண்டு பக்கமும் இறங்கும், சரிஞ்சால் கீழ்ப்பக்கம் போகும். இது நகரேல்லை. இது ஏதோ ஒரு பைக்குள்ளை கட்டுப்பட்டு நிக்கிற தண்ணி."

"அப்ப நான் குடிக்கிறேல்லை எண்டு நம்புறீங்களோ?" என்று கேட்டான் லோஜன்.

"உங்கடை ஈரல் சோதினையும் நல்லாத்தான் இருக்கு. நீங்கள் குடிச்சு வந்த வயிறில்லை இது" என்றா அவ. லோஜனின் கண் கலங்கிவிட்டது. நோய் என்னவென்று இன்னும் தெரியாது. ஆனாலும் அந்தச் சொல் அவனுக்குப் பாதி மருந்து.

பிறகு சீ.ரீ. ஸ்கான் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். குடலுக்கு முன்னால் ஏப்பிரன் கட்டியதுபோல் கொழுப்புச் சவ்வு ஒன்று எல்லாருக்கும் தொங்குமாம். அதில் ஒரு நீர்க்கட்டி வளர்ந்து வயிற்றையே அடைத்துக்கொண்டிருக்கிறது. இரைப்பையை நெரித்ததால்தான் இரண்டு பிடியோடு வயிறு நிறைந்திருக்கிறது.

"இது சின்னப் பிள்ளையளுக்குத்தான் சிலவேளை வாறது. இந்த வயசிலை அருமை" என்றார். "பாத்தால் சாதாரண கட்டி மாதிரித்தான் கிடக்கு. எண்டாலும் எடுத்துச் சோதிச்சுப் பாத்துத்தான் புற்றுநோய் இல்லை எண்டு உறுதியாச் சொல்லுவன்."

புற்றுநோய் என்ற சொல் எனக்குக் கேட்டது. லோஜனுக்கும் கேட்டது. மாமிக்கு மட்டும் அருமை என்ற சொல்லோடு காது அடைத்துவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரரிடமெல்லாம், "என்ரை பிள்ளைக்கு அருமையான கட்டியாம், பெரிய டொக்டரே சொன்னவர்" என்றா. மருத்துவ மாணவர்கள் வரிசையில் வந்து தட்டித் தட்டிப் பார்த்தபோது மாமிக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. கடைசிப் பெடியன் தட்டி முடிய, "ராசா, வடிவாப் பாத்தனீரோ?" என்று விசாரித்தா. பிறகு என் பக்கம் திரும்பி, "அருமையான கட்டி எண்டால் ஏன் எடுக்கினம்?" என்று கேட்டா. நான் தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

அங்கிருந்து நேரே கோப்பாய்க்குப் போனேன். குணலட்சுமி அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டா.

"பிரகாஸ் தம்பி, என்னைக் குறை நினையாதேங்கோ. இவளின்ரை அப்பா முகாமிலை குடிச்சுக் குடிச்சுத்தான் செத்தவர். கடைசியிலை வயிறு இப்பிடித்தான் நிண்டது. ஒரு வருசம் நான் பிடிச்சு எழுப்பி, பிடிச்சுக் கிடத்தினனான். தண்ணி எண்டு கேட்ட பிறகு என்ரை பிள்ளையைக் குடுக்கச் சொல்லுறீங்களோ?"

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. டொக்டர் பிள்ளை தட்டிப் பார்த்ததை, சரிந்து படுக்கச் சொன்னதை, தண்ணி நகரவில்லை என்று சொன்னதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். இன்னும் நல்லதா கெட்டதா என்று தெரியாது என்பதையும் சொன்னேன். உள்ளே யன்னலடியில் கோபிகா நிற்பது தெரிந்தது.

அடுத்த நாள் நோயாளர் பார்க்கும் நேரத்துக்குத் தாயும் மகளும் வாட்டுக்குள் வந்தார்கள். லோஜன் பதறி எழும்பப் பார்த்தான். குணலட்சுமி அக்கா சுகம் விசாரிக்கவில்லை. தோடம்பழப் பையைக் கட்டிலடியில் வைத்தா.

"தம்பி, ஒருக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கோ."

மாணவர்களுக்குத் திரும்பித் திரும்பிப் பழகியவன், கேள்வி கேட்காமல் திரும்பினான். அக்கா குனிந்து பார்த்தா.

"மற்றப் பக்கம்."

திரும்பினான். வயிறு அப்படியே இருந்தது. அக்கா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டா.

"அவருக்குத் திரும்பினால் வயிறும் சேர்ந்து சரியும். சரியிற வயித்தை என்ரை கையாலைதான் தாங்கிப் பிடிக்கிறனான்" என்றா. "இது அந்த வயிறில்லை. நான் அவசரப்பட்டிட்டன் அப்பு." சொல்லிவிட்டு அழுதா. மாமியும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து அழுதா.

சத்திரசிகிச்சை முடிந்து டொக்டர் வெளியே வந்து, பை உடையாமல் முழுதாக வந்துவிட்டது என்றார். எனக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு வாளி நிறையும். மயக்கம் தெளிந்த லோஜன் கேட்ட முதல் கேள்வி, "அத்தான், பந்தியிலை எவ்வளவு பேருக்குக் காணும்?"

சோதனை முடிவுக்கு மூன்று கிழமை என்றார்கள். வீட்டுக்கு வந்தவன் மறுபடியும் ஈர்க்கு. எங்கே கையை வைப்பதென்று தெரியாமல் நிற்பான். முன்பு பேசியிருந்த ஒரு வீட்டுக்காரர் ஆளைப் பார்த்துவிட்டு, "தம்பி, சமையலுக்கு அண்ணைதானே வருவார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. பகலெல்லாம் சோறு தின்றான், வயிறு நிறையாததை அதிசயமாகப் பார்த்தான். ஆனால் இடைக்கிடை முகம் இருண்டுவிடும். ஒருநாள் கோபிகா ரெலிபோன் எடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"றிப்போட் வரட்டும்" என்றான் அவன். "கூடாததா வந்தால் நீர் வேறை இடம் பாரும். நான் குறை நினைக்க மாட்டன்."

அவள் குரல் எனக்கே கேட்டது.

"வண்டி இருக்குன்னு சொல்லித்தானே உங்களைப் பேசுனாங்க. இப்ப ரெண்டு வண்டியுமே இல்ல. நான் எங்கயாச்சும் போயிட்டேனா?"

லோஜன் ரெலிபோனை வைத்த பிறகு வெகுநேரம் கிணற்றடியில் போய் இருந்தான்.

முடிவு வாங்க மூன்று பேரும் என்னுடைய ஓட்டோவில் போனோம். மாமிக்கு இதற்குள் யாரோ விசயத்தை விளங்கப்படுத்திவிட்டார்கள். வாய் ஆஞ்சநேயரை முணுமுணுத்தபடி இருந்தது. டொக்டர் கடதாசியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்டுமில்லை. வெறும் நீர்க்கட்டி. புற்றுநோய் கிடையாது. போய்க் கலியாணத்தைக் கட்டும்."

லோஜன் எழும்பினான். வெளியே கிடந்த மர வாங்கில் வந்து இருந்தான். "அத்தான், அப்ப நான் இருப்பன்" என்றான். பிறகுதான் அழுதான். எனக்கும் கண்ணாடி வேண்டியிருந்தது, கழற்றித் துடைப்பதற்காவது. நான் கண்ணாடி போடுகிறவன் இல்லை. மாமி உடனே வடைமாலைக்கு எத்தனை வடை என்று கேட்க ஆரம்பித்தா. யார் சுடுவது என்று கேட்கவில்லை, அது தெரிந்ததுதானே.

வாசலுக்கு வந்தால் கோபிகா நிற்கிறாள். பக்கத்தில் யாரோ ஓடிப் பழசான ஒரு சிவப்பு ஸ்கூட்டி. அவள் வாங்கி இரண்டு நாளாம், எங்களுக்குத் தெரியாது. ஒரு ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு, மற்றதை லோஜனிடம் நீட்டினாள். அவள் முடிவைக் கேட்கவில்லை. எங்கள் முகத்தில் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் அவள் நீட்டியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"என் வண்டி இங்கதான் நிக்குது. ஏறுங்க" என்றாள்.

மாமி "கலியாணத்துக்கு முதல் இதென்ன..." என்று தொடங்கினா. நான் அவவை ஓட்டோவுக்குள் ஏற்றிக் கதவுச் சங்கிலியைப் போட்டேன். லோஜன் பின்னால் ஏறி இருந்தான். முந்திய வயிறு இருந்திருந்தால் அந்த ஸ்கூட்டியில் இரண்டு பேருக்கு இடம் இருந்திருக்காது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பழக்கதோசத்தில் தன் வயிற்றின்மேல் கோத்து வைக்கப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுத்து அவளுடைய தோளில் வைத்தான்.